சட்டத்தை மீறலாமா? திருச்சியிலிருந்து புறப்பட்ட இரண்டு நடைப்பயணங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

நம் சமூக அறிவியல் புத்தகத்தில் ஒரு வேடிக்கை உண்டு. குடிமையியல் பகுதியில், சட்டத்தை மதிப்பது நல்ல குடிமகனின் கடமை என்று வரும். அதே புத்தகத்தை நாலு பாடம் முன்னால் புரட்டினால், உப்புச் சட்டத்தை உடைத்தவர்கள் தியாகிகள் என்று வரும். இரண்டிலிருந்தும் தேர்வில் கேள்வி கேட்போம். இரண்டுக்கும் நீங்கள் மதிப்பெண் வாங்கினீர்கள். வருடத்துக்கு ஒருவராவது எழுந்து, "அப்படின்னா எந்தச் சட்டத்தை மதிக்கணும், எதை மீறலாம் சார்?" என்று கேட்பதும் உண்டு. மணி அடிப்பதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. இப்போது ஓய்வில் இருக்கிறேன், மணி அடிக்க ஆளில்லை.

இது வெறும் பாடப்புத்தகக் கேள்வியும் இல்லை. உங்களில் சிலர் மறியலில் கைதாகி, கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருந்து, சாயங்காலம் விடுதலையாகி வீட்டுக்கு வந்தவர்கள். சிலர் அதே மண்டபத்தின் வாசலில் காக்கிச் சட்டையோடு காவலுக்கு நின்றவர்கள். வருவாய்த்துறையில் இருப்பவர்களும், நீதிமன்றத்தில் வேலை பார்ப்பவர்களும் உண்டு. ஆகவே யாரையும் புண்படுத்தாமல், யாருக்கும் சலுகை காட்டாமல் எழுதப் பார்க்கிறேன்.

நம் திருச்சியிலிருந்து எட்டு வருட இடைவெளியில் இரண்டு நடைப்பயணங்கள் கிளம்பின. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய நூறு பேர். முதல் பயணத்தை நடத்தியவர் ராஜாஜி. இரண்டாவது பயணம் யாருடைய அரசை எதிர்த்து நடந்ததோ, அந்த அரசின் தலைவரும் ராஜாஜிதான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

முதல் பயணம்: 1930

உப்பு கடலோரத்தில் தானாக விளைகிற பொருள். ஆனால் அதைக் காய்ச்சவும் விற்கவும் அரசு அனுமதி வேண்டும், மணங்குக்கு இவ்வளவு என்று வரி கட்ட வேண்டும் என்பது பிரிட்டிஷ் சட்டம். வாசலில் விளைந்த உப்பை ஒரு கைப்பிடி அள்ளினாலும் குற்றம். பணக்காரர் சாப்பிடுகிற உப்பும் கூலிக்காரர் சாப்பிடுகிற உப்பும் ஏறத்தாழ ஒரே அளவுதான். வெயிலில் வேலை செய்து வியர்வை சிந்துகிறவருக்கு உப்பு இன்னும் கொஞ்சம் கூடவே தேவைப்படும். அதனால் வரியின் பாரம் ஏழையின் தலையில்தான் அதிகமாக இறங்கியது.

இதில் பலர் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. 1923இல் உப்பு வரியை இரண்டு மடங்காக்க அரசு முனைந்தது. மத்திய சட்டசபை அதை நிராகரித்தது. வைஸ்ராய் ரீடிங் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, சபை வேண்டாம் என்ற வரியைச் சட்டமாக்கினார். மறு வருடம் வரி பழைய அளவுக்குக் குறைந்தது என்பது வேறு விஷயம். மக்களின் பிரதிநிதிகள் 'கூடாது' என்று சொன்னாலும் அது செல்லாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

காந்தி தண்டிக்குக் கிளம்புவதற்கு முன், 1930 மார்ச் 2ஆம் தேதி வைஸ்ராய் இர்வினுக்குக் கடிதம் எழுதினார். என்ன செய்யப் போகிறேன், ஏன் செய்யப் போகிறேன் என்று முன்கூட்டியே சொன்னார். பதில் சரியாக வராததால் மார்ச் 12 அன்று நடந்தார். ஏப்ரல் 6 அன்று உப்பை எடுத்தார்.

நம் பக்கத்தில் ராஜாஜி ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து புறப்பட்டார். அது ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நினைவு நாள். இலக்கு வேதாரண்யம், ஏறக்குறைய 150 மைல். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகப் பதினைந்து நாள் நடை. வழிநடைக்கென்று நாமக்கல் கவிஞர் பாட்டு எழுதிக் கொடுத்தார்.

அப்போது தஞ்சை மாவட்டக் கலெக்டர் ஜே.ஏ. தார்ன். ஊர்வலத்தை அடித்துக் கலைப்பதைவிடப் பட்டினி போட்டுக் கலைப்பது சுலபம் என்று கணக்குப் போட்டார். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் சிறை என்று அறிவித்தார். அதற்கு எடுத்துக்கொண்டது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 157ஆவது பிரிவை. சட்டவிரோதக் கூட்டத்துக்கென்று கூலிக்கு அமர்த்திய ஆட்களுக்கு இடம் கொடுப்பதைத் தண்டிக்க எழுதிய பிரிவு அது. இங்கே நடந்தவர்களில் கூலிக்கு வந்தவர் யார்?

சோழநாட்டில் போய், வாசலுக்கு வந்தவருக்குச் சோறு போடாதே என்று சொன்னால் எடுபடுமா? கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தொண்டர்களைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். அதற்காகச் சிறைக்கும் போனார். மற்ற ஊர்களில் மக்கள் வேறு வழி கண்டார்கள். சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மரத்தில் இருந்ததை எடுத்துத் தின்றால் யாரைப் பிடிப்பது?

ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் ராஜாஜி உப்பை அள்ளினார், கைதானார். ஆறு மாதத் தண்டனை. ஊரில் எல்லா ஏற்பாடுகளையும் செய்த வேதரத்தினம் பிள்ளை உப்பளத் தொழில் செய்தவர். அவரும் சிறைக்குப் போனார், அவருடைய சொத்து பறிமுதலானது. ருக்மணி லட்சுமிபதி அம்மையார் சிறைக்குப் போனார். காமராஜர் முதன்முதலாகச் சிறை கண்டதும் இந்தப் போராட்டத்தில்தான்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். வைரப்பன் என்ற சவரத் தொழிலாளி. போலீஸாருக்கு வேலை செய்வதில்லை என்று ஊரில் முடிவெடுத்திருந்த நேரம். சாதாரண உடையில் வந்து உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று பாதிச் சவரத்தில் தெரிய வந்ததும், கத்தியை மடக்கி வைத்துவிட்டார். அதற்காகச் சிறைத் தண்டனை பெற்றார். ஒரு முகத்தைச் சவரம் செய்ய மாட்டேன் என்பது என்ன குற்றம்? அநியாயமான ஒரு சட்டத்தைக் காப்பாற்றப் புறப்பட்டால், கடைசியில் சோறும் கத்தியும்கூடக் குற்றமாகிவிடும். வைரப்பனுக்கு வேதாரண்யத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இதுவரை எழுதியதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்காது. எதிரி வெள்ளைக்காரன். கை தட்டுவது சுலபம்.

இரண்டாவது பயணம்: 1938

1937இல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சி அமைந்தது. ராஜாஜி பிரதமர், இன்றைய சொல்லில் முதலமைச்சர். 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கி அரசாணை வந்தது. அதற்கு முன்பிருந்தே மாநாடுகள், கண்டனக் கூட்டங்கள், வேண்டுகோள்கள் நடந்தன. பலனில்லை.

1938 ஆகஸ்ட் 1 அன்று திருச்சியிலிருந்து தமிழர் படை ஒன்று சென்னையை நோக்கிக் கிளம்பியது. குமாரசாமிப் பிள்ளை, பட்டுக்கோட்டை அழகிரி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முதலானவர்கள் உடன் நடந்தார்கள். நாற்பத்திரண்டு நாள், வழியெல்லாம் கூட்டம். செப்டம்பர் 11 அன்று சென்னை சேர்ந்தார்கள்.

நடந்தது சட்டமீறல் அல்ல. மீறல் சென்னையில் நடந்தது. பள்ளியின் முன்னாலும் முதலமைச்சர் வீட்டின் முன்னாலும் நாள்தோறும் மறியல், நாள்தோறும் கைது. மொத்தம் சுமார் 1,200 பேர் கைதானார்கள். அதில் பெண்கள் 73 பேர். தாயோடு சிறைக்குப் போன குழந்தைகள் 32 பேர். பெண்களைப் போராடத் தூண்டினார் என்று பெரியார்மேல் வழக்கு; 1938 டிசம்பரில் தண்டனை. 1939 ஜனவரியில் நடராசனும் மார்ச்சில் தாளமுத்துவும் சிறைவாசத்தில் நோயுற்று உயிரை விட்டார்கள். சென்னை எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகை என்று பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்களே, அந்த இருவர்தான்.

மறியல் செய்தவர்களைச் சிறைக்கு அனுப்ப ராஜாஜி அரசு பயன்படுத்தியது குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம். அந்தச் சட்டத்தைச் சில வருடங்களுக்கு முன் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்ததே காங்கிரஸ்காரர்களின் மறியலை ஒடுக்கத்தான். யாரை அடிக்கச் செய்த பிரம்போ, அது அவர்கள் கைக்கே வந்து சேர்ந்தது. கைக்கு வந்த பிரம்பை அவர்கள் ஒடித்துப் போடவில்லை.

ராஜாஜியை மட்டும் குறை சொல்லி முடித்துக்கொள்வது நியாயமாகாது. 1930இல் ராஜாஜி உப்பு அள்ளப் போனபோது, சுயமரியாதை இயக்கத்தார் அந்தச் சட்டமறுப்பை ஆதரிக்கவில்லை, கடுமையாகவே எதிர்த்து எழுதினார்கள். 1938இல் அவர்களே மறியலில் நின்றார்கள். முன்னால் சட்டத்தை உடைத்தவர்கள் இப்போது சட்டம் ஒழுங்கைப் பற்றிப் பேசினார்கள். இரண்டு பக்கமும் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டன. நம் குடும்பத்துப் பெரியவர்களிலும் கதர்ச்சட்டையும் உண்டு, கறுப்புச்சட்டையும் உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில் இவர்கள் வாதம் செய்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒருவருக்கு 1930 மட்டும் தியாகம், இன்னொருவருக்கு 1938 மட்டும் தியாகம்.

அளவுகோல்

வரலாறு படித்தவருக்கு இது போதாது. நம் ஆள் மீறினால் போராட்டம், அடுத்தவர் மீறினால் அராஜகம் என்பது அளவுகோல் ஆகாது. துணி அளக்கிற கடைக்காரர் ஆளுக்கு ஒரு மீட்டர் கம்பி வைத்திருந்தால் அந்தக் கடைக்குப் போவோமா? எனவே பெயர்களை மறைத்துவிட்டு நான்கு கேள்வி கேட்கலாம்.

முதல் கேள்வி: அந்தச் சட்டம் யாரை அழுத்துகிறது? அதைச் செய்தபோது அவர்கள் பேச்சுக்கு இடம் இருந்ததா? 1930இல் பதில் தெளிவு. 1938இல் கொஞ்சம் சிக்கல். அது மக்கள் வாக்களித்து வந்த அரசு. பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாமே என்று அரசுத் தரப்பில் வாதிடலாம். பலமான வாதம்தான். ஆனால் அன்று வாக்குரிமை சொத்தும் படிப்பும் இருந்த சிலருக்கு மட்டுமே. பிறகு தேர்தல் வந்தாலும், அதுவரை வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளிப் பருவம் முடிந்துவிடும். பெரும்பான்மை வாக்கு ஓர் அரசுக்கு ஆளும் உரிமையைத் தருகிறது. அந்த அரசு செய்வதெல்லாம் நியாயம் என்ற சான்றிதழை அது தருவதில்லை.

இரண்டாவது கேள்வி: மற்ற வாசல்களைத் தட்டிப் பார்த்தாயிற்றா? காந்தி கடிதம் எழுதினார். 1938க்கு முன் மாநாடும் வேண்டுகோளும் நடந்தன. மனு கொடுக்காமல், பேசாமல், முதல் நாளே சட்டத்தில் கை வைப்பவருக்கு இந்தக் கேள்வியில் மதிப்பெண் கிடையாது.

மூன்றாவது கேள்வி: மீறலின் வலி யார்மேல் விழுகிறது? உப்பு அள்ளியவர் அடியைத் தாம் வாங்கினார். மறியல் செய்தவர் சிறைக்குத் தாம் போனார். இதை எதிர்ப்பக்கத்திலும் வைத்துப் பாருங்கள். 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்த பிறகும் டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்தார்களே, அவர்களும் சட்டத்தை மீறியவர்கள்தான். கேட்டால் ஊர் வழக்கம், எங்கள் மனசாட்சி என்று அவர்களும் சொல்லக்கூடும். ஆனால் அந்த மீறலின் வலியைச் சுமந்தது யார்? தனிக் குவளையில் டீ குடித்தவர். தன் மனசாட்சிக்கு அடுத்தவரை விலை கொடுக்க வைக்கிறவர் போராளி ஆகமாட்டார். சாலை மறியலில் உட்காருகிற என் மாணவர்களும், வரிசையில் ஆம்புலன்ஸ் நிற்கும்போது இந்தக் கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள். வழி விட்டு உட்கார்ந்தால் போராட்டம் குறைந்துவிடாது.

நான்காவது கேள்வி: முகத்தைக் காட்டி நிற்கிறாரா? ராஜாஜி ஓடவில்லை, மறைக்கவில்லை. பெரியாரும் அப்படியே. இது ஏன் முக்கியம்? ஒளிந்து மீறுகிறவர் ஒரு சட்டத்திலிருந்து தான் மட்டும் தப்பிக்கிறார். நின்று மீறுகிறவர், சட்டம் என்ற ஏற்பாட்டை மதித்துக்கொண்டே, இந்த ஒன்று தவறு என்று ஊரறியச் சொல்கிறார். கணக்கை மறைத்து வரி ஏய்க்கிறவர், வரி அதிகம், அநியாயம் என்று காரணம் சொன்னாலும், ராஜாஜியின் பக்கத்தில் நிற்க முடியாதது இதனால்தான்.

இங்கே நல்ல மாணவர் ஒருவர் கையைத் தூக்குவார் என்று தெரியும். "சார், மரத்தில் பொட்டலம் கட்டியவர்கள் முகத்தைக் காட்டவில்லையே? அவர்கள் செய்தது தப்பா?"

தப்பில்லை. காரணம் சொல்கிறேன். சட்டத்தை மாற்ற வேண்டும் என்று கேட்பவர் வெளியே வந்து நின்றுதான் கேட்க வேண்டும். பசித்தவருக்குச் சோறு போடுகிறவர் எந்தச் சட்டத்தையும் மாற்றக் கிளம்பவில்லை. எந்தக் காலத்திலும் கடமை என்று இருந்ததைச் செய்கிறார், குறுக்கே வந்தது சட்டம்தான். அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. தப்பி ஓடுகிற அடிமைக்கு உதவினால் ஆயிரம் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று 1850இல் அங்கே சட்டம் வந்தது. தார்ன் சொன்ன அதே ஆறு மாதம்! அப்படியும் பலர் தப்பி வந்தவர்களைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்தார்கள். ஊரறியச் சொல்லியிருந்தால் பிடிபடுவது அந்த அடிமைதான். அடுத்தவரைக் காப்பாற்ற மறைப்பது வேறு, தன் லாபத்துக்கு மறைப்பது வேறு.

இந்த நான்கு கேள்விகளையும் இரண்டு பயணங்களுக்கும் கேட்டுப் பார்த்தேன். இரண்டுமே தேறுகின்றன என்பது என் தீர்ப்பு. 1930 நல்ல மதிப்பெண்ணில் எளிதாகத் தேறுகிறது. 1938இல் முதல் கேள்விக்கு நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் தேறுகிறது. இந்தி ஒரு மொழி, படித்தால் நல்லதுதானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அது வேறு விவாதம். ஒரு பள்ளி வாசலில் ஆயுதமின்றி நின்றவரைச் சிறைக்கு அனுப்புவது சரியா என்ற கேள்வி, இந்தி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்குள் அடங்காது.

பிறகு என்ன நடந்தது? 1931 மார்ச்சில் காந்தி–இர்வின் உடன்படிக்கையில், கடலோர மக்கள் தங்கள் வீட்டுத் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. உப்பு வரி 1947இல் ஒழிந்தது. இந்தி ஆணை 1940 பிப்ரவரி 21 அன்று திரும்பப் பெறப்பட்டது. பிற்காலத்தில் ராஜாஜியே, இந்தி மட்டும் ஆட்சிமொழி ஆவதை உறுதியாக எதிர்த்தார். அரசியலில் எதிரெதிரே நின்ற ராஜாஜியும் பெரியாரும் கடைசி வரை நண்பர்களாகவே இருந்தார்கள். கட்சிக்காக உறவை முறித்துக்கொண்டு குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்!

உத்தியோகத்தில் இருக்கும் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் மேசைக்கு வருகிற உத்தரவுகளில் பெரும்பாலானவை நியாயமானவைதான், அவற்றை நிறைவேற்றுவது உங்கள் கடமை. என்றாவது ஒரு நாள் 157ஆவது பிரிவைப் போல ஒன்று வரும். ஒரு காரியத்துக்காக எழுதிய சட்டத்தை வேறொன்றுக்கு வளைத்து, யாரோ ஒருவருக்குச் சோறு போகாமல் தடுக்கச் சொல்லும். அன்று உங்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியாமல் போகலாம். கோப்பில் உங்கள் மறுப்பை ஒரு வரி எழுதலாம், மேலதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லலாம். அதற்கும் வழியில்லையென்றால், மரக்கிளையில் தொங்குகிற பொட்டலத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல நடந்து போகலாம்.

போராட்டத்தில் இருக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்களே ஆட்சிக்கு வரலாம், ஊராட்சி மன்றத் தலைவராகவாவது வருவீர்கள். அன்று உங்களுக்கு எதிராக ஒருவர் வந்து உட்காருவார். அவர் கேட்பது உங்களுக்குப் பிடிக்காது. அப்போது இந்த நான்கு கேள்விகளையும், உங்களுக்குக் கேட்டதுபோலவே, அவருக்கும் கேளுங்கள்.

வீட்டுப்பாடம்: உங்கள் ஊரில், உங்கள் தாத்தா பாட்டி காலத்தில், யாராவது ஒரு சட்டத்தையோ தடையையோ மீறி நல்லது செய்தார்களா? மறியலுக்குப் போனவர், பூட்டிய கோயில் கதவைத் தள்ளியவர், தேடப்பட்டவருக்குச் சோறு போட்டவர், யாராக இருந்தாலும் சரி. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். கேட்க இன்னும் ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மாற்றுக் கருத்து தாராளமாகச் சொல்லலாம். தலைவர்களை ஒருமையில் திட்டி எழுதினால் மட்டும் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவேன்.

அனைவரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் வாத்தியார்